சிறு வணிகத்துக்கான இணையத்தளமும் அதற்கேற்ற ஹோஸ்டிங் சேவையைத் தெரிவுசெய்தலும்

இணையத்தளமொன்றை வடிவமைத்து முடித்தவுடன் வேலை முடிந்துவிட்டதென்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். கணினிக் கூடத்தில் நீங்கள் எச்.ரி.எம்.எல். மொழியில் எழுதிச் சேமித்த பக்கம் அந்தக் கணினியில் மாத்திரமே திறக்கும். அதனை உலகின் எப்பகுதியிலிருந்தும் எந்நேரத்திலும் ஒருவர் பார்க்க வேண்டுமாயின், அப்பக்கத்தின் கோப்புகள் இணையத்துடன் எப்போதும் தொடுக்கப்பட்டிருக்கும் சேவையகம் ஒன்றில் வைக்கப்படல் வேண்டும். அவ்வாறு இடங்கொடுத்து வைத்திருக்கும் சேவையே வெப் ஹோஸ்டிங் எனப்படும். அதனை வழங்குவோர் ஹோஸ்டிங் சேவை வழங்குநர் ஆவர்.

இவ்வலகைக் கற்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு, பனையோலைப் பெட்டிகள் ஆகியவற்றைத் தயாரித்து விற்கும் குடும்பக் கடை ஒன்று உள்ளதெனக் கொள்க. அதன் வாடிக்கையாளரில் ஒரு பகுதியினர் கொழும்பிலும் ஏனையோர் லண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களிலும் வசிக்கின்றனர். கடைக்காரர் ஓர் இணையத்தளம் தொடங்க விரும்புகிறார். எந்த ஹோஸ்டிங் சேவையை வாங்குவது என்பதே அவரது வினா. அவருக்கு ஆலோசனை கூறுபவர் நீங்கள்.

சேவையகம் ஏன் வீட்டில் இருக்கக்கூடாது?

உலகின் முதலாவது இணையத்தளம் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் எனும் அணு ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீயினால் உருவாக்கப்பட்டது. அது பொதுமக்களுக்கு அறிமுகமான ஆண்டு 1991. அத்தளம் இயங்கிய சேவையகம் அவரது மேசையிலிருந்த ஒரேயொரு கணினிதான். அதன்மீது, இது சேவையகம், நிறுத்திவிட வேண்டாம் என்ற கருத்தில் சிவப்பு மையினால் எழுதப்பட்ட துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. யாராவது தவறுதலாக ஆளியை அழுத்தியிருந்தால் உலகத்தின் முழு வலையுமே அணைந்திருக்கும்! சேவையகத்தின் முதற் பண்பு வேகமன்று, நிற்காமல் இயங்குவதே என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

எமது கடைக்காரரின் வீட்டுக் கணினியையும் கொள்கையளவில் சேவையகமாக்கலாம். ஆனால் 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அத்துடன் வீட்டு இணைய இணைப்புகளில் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தை விடப் பதிவேற்ற வேகம் குறைவு. ஐ.பி. முகவரியும் இடைக்கிடை மாறும். மின்பிறப்பாக்கி, குளிரூட்டல், தீத்தடுப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட இணைய இணைப்பு ஆகியவற்றைக் கொண்ட தரவு மையத்தில் சேவையகத்தை வைப்பதற்கான காரணங்கள் இவையே. ஹோஸ்டிங் கட்டணம் என்பது உண்மையில் இந்த வசதிகளில் ஒரு சிறு பங்குக்கான வாடகை ஆகும்.

பெயர் வேறு, இடம் வேறு

பரீட்சையில் அதிகம் குழப்பப்படும் விடயம் இது. ஆள்களப் பெயர் என்பது தளத்தின் பெயர். ஹோஸ்டிங் என்பது தளத்தின் இடம். இரண்டும் வெவ்வேறு சேவைகள். வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்தும் வாங்கலாம். வாடிக்கையாளர் பெயரை மேலோடியில் தட்டச்சுச் செய்தவுடன், டி.என்.எஸ். எனப்படும் ஆள்களப் பெயர் முறைமை அப்பெயருக்குரிய ஐ.பி. முகவரியைத் தேடித் தருகிறது. பின்னர் மேலோடி அம்முகவரியிலுள்ள சேவையகத்திடம் பக்கத்தைக் கேட்கிறது. கையடக்கத் தொலைபேசியில் ஒருவரின் பெயரை அழுத்த, அதற்குரிய எண்ணுக்கு அழைப்புச் செல்வது போன்றது இது. எண் மாறினாலும் பெயர் மாறாது. அதாவது ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினாலும் கடையின் பெயர் கடையிடமே இருக்கும். பெயர் கடைக்காரருடையதாக இருந்தால் மாத்திரம்! இதனைப் பின்னர் பார்ப்போம்.

இலங்கைக்குரிய உயர்மட்ட ஆள்களம் டொட் எல்.கே. ஆகும். இதனை எல்.கே. ஆள்களப் பதிவகம் நிர்வகிக்கிறது. 2010 ஆம் ஆண்டில் டொட் இலங்கை என்னும் தமிழ் எழுத்திலமைந்த உயர்மட்ட ஆள்களமும் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரும் உள்ள கடைக்கு டொட் கொம் பெயரும் பொருத்தமானதே.

ஹோஸ்டிங் வகைகள்

இலவச ஹோஸ்டிங் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. பயிற்சிக்கு நல்லது, கடைக்கு நல்லதன்று. பக்கத்தில் பிறரின் விளம்பரம் தோன்றலாம், சொந்தப் பெயரைப் பயன்படுத்த இயலாமற் போகலாம், சேவை நிறுத்தப்படும்போது கேள்வி கேட்கவும் முடியாது. 1994 இல் தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்னும் இலவசச் சேவையை 1999 இல் யாகூ நிறுவனம் வாங்கியது. 2009 ஒக்டோபரில் அதனை மூடியது. ஜப்பானியப் பிரிவு மாத்திரம் மேலும் சில ஆண்டுகள் இயங்கியது. ஏனைய நாடுகளில் அங்கு பக்கம் வைத்திருந்தோர் தமது கோப்புகளைத் தாமே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது, எடுக்காதோர் இழந்தனர்.

பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒரே சேவையகத்தில் நூற்றுக்கணக்கான தளங்களை வைப்பதாகும். நகரத்தில் படிக்கச் சென்றோர் தங்கும் போர்டிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அறை உங்களுடையது, தண்ணீர்த் தாங்கி எல்லோருக்கும் பொது. ஒருவர் நீண்ட நேரம் குளித்தால் மற்றவருக்குத் தண்ணீர் வராது. அதுபோலவே, ஒரு தளத்துக்குத் திடீரெனப் பெருந்தொகையானோர் வருகை தந்தால் அதே சேவையகத்திலுள்ள ஏனைய தளங்களும் மந்தமாகலாம். ஆயினும் வாடகை குறைவு. மென்பொருள் இற்றைப்படுத்தல், பழுதுபார்த்தல் என்பவற்றைச் சேவை வழங்குநரே கவனித்துக்கொள்வார்.

மெய்நிகர்ச் சேவையகம் என்பது ஒரு பெரிய சேவையகத்தை மென்பொருளினால் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறித்த அளவு நினைவகமும் மையச் செயலித் திறனும் ஒதுக்குவதாகும். இது போர்டிங் அன்று, தனிக் குழாயும் தனிக் கதவும் உள்ள அனெக்ஸ். ஆனால் அனெக்ஸைக் கூட்டுவதும் பூட்டுவதும் உங்கள் பொறுப்பு. பணிசெயல் முறைமையை நிர்வகிக்கத் தெரிந்தவர் ஒருவர் தேவை. அவ்வாறான ஒருவர் இல்லாத கடை இதனை வாங்கினால், பூட்டாத வீட்டை வாடகைக்கு எடுத்ததாகவே முடியும்.

தனிச் சேவையகம் முழு வீட்டையும் எடுப்பது; வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உரியது. மேகக் கணிமையில் தேவைக்கேற்ப வளங்களைக் கூட்டியும் குறைத்தும் பெறலாம். கலியாண வீட்டுக்கு 300 கதிரைகளை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுப்பது போல, பாவித்த அளவுக்கே கட்டணம். நல்ல முறைதான். எனினும் மாதாந்தக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கூறுவது கடினம்.

இவை தவிர, பலகையில் பொருட்களை அடுக்குவது போலப் பக்கங்களை அடுக்கிக்கொள்ள உதவும் தளம் அமைக்கும் சேவைகளும் உண்டு. இவற்றில் ஹோஸ்டிங் உள்ளடங்கியே வருகிறது. தொழினுட்ப அறிவு குறைந்தோருக்கு இது இலகு. ஆனால் பின்னர் வேறிடத்துக்கு மாற விரும்பினால் வடிவமைப்பை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

எமது கடைக்குப் பகிர்வு ஹோஸ்டிங் போதுமா? ஊகிக்க வேண்டாம். கணித்துப் பார்ப்போம்.

எவ்வளவு இடம், எவ்வளவு பட்டையகலம்?

கடையில் 80 வகைப் பொருட்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 புகைப்படங்கள். கையடக்கத் தொலைபேசியில் எடுத்த புகைப்படமொன்று ஏறத்தாழ 4 மெகாபைற்று எனக் கொள்வோம்.

80 × 3 × 4 = 960 மெகாபைற்று

அதே புகைப்படங்களைத் திரைக்கேற்ற அளவுக்குச் சிறிதாக்கி ஒவ்வொன்றையும் 300 கிலோபைற்றாக்கினால்,

80 × 3 × 300 = 72,000 கிலோபைற்று
72,000 ÷ 1024 = ஏறத்தாழ 70 மெகாபைற்று

வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க முகாமைத்துவ முறைமைக்குச் சில நூறு மெகாபைற்றும், மின்னஞ்சல் பெட்டிகளுக்கு 1 அல்லது 2 கிகாபைற்றும் சேர்த்தாலும் மொத்தம் 3 கிகாபைற்றைத் தாண்டாது. எனவே 100 கிகாபைற்று இடம் தருவதாகக் கூறும் விளம்பரத்துக்கு அதிக பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது தரவு இடமாற்ற அளவு. ஹோஸ்டிங் விளம்பரங்களில் பட்டையகலம் என்று குறிப்பிடப்படுவது பெரும்பாலும் மாதமொன்றில் அனுப்பக்கூடிய மொத்தத் தரவின் அளவையே. வலையமைப்புப் பாடத்தில் நீங்கள் கற்ற பட்டையகலம் ஒரு செக்கனில் அனுப்பக்கூடிய பிற்றுக்களின் எண்ணிக்கை. வினாவில் எது கருதப்படுகிறது என்பதை அலகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளொன்றுக்கு 150 பேர் வருகின்றனர். ஒருவர் 4 பக்கங்களைப் பார்க்கிறார். ஒரு பக்கத்தின் பருமன் 1.5 மெகாபைற்று. மாதத்துக்கு 30 நாட்கள்.

150 × 4 × 1.5 × 30 = 27,000 மெகாபைற்று
27,000 ÷ 1024 = ஏறத்தாழ 26.4 கிகாபைற்று

தைப்பொங்கல், தீபாவளி, நல்லூர்த் திருவிழாக் காலங்களில் வருகை மும்மடங்காகுமாயின் ஏறத்தாழ 79 கிகாபைற்று தேவை. ஆகவே மாதம் 100 கிகாபைற்று அனுமதிக்கும் பொதி போதுமானது.

இப்போது புகைப்படங்களைச் சிறிதாக்காமல் விட்டால் என்ன நிகழும் என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் 8 புகைப்படங்கள் இருப்பின் 32 மெகாபைற்று. 150 × 4 × 32 × 30 = 576,000 மெகாபைற்று; அதாவது 562.5 கிகாபைற்று. அதே கடை, அதே வாடிக்கையாளர், ஆனால் தேவை 21 மடங்குக்கும் மேல். இங்கு கடைக்காரருக்குத் தேவைப்படுவது பெரிய ஹோஸ்டிங் அன்று, புகைப்படங்களைச் சிறிதாக்க அரை நாள் வேலை. வாடிக்கையாளரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனது டேற்றாவில் 32 மெகாபைற்றைச் செலவிட நேரும் என்பதை மறவாதீர்கள். பலர் பக்கம் திறக்குமுன்னரே மூடிவிடுவர்.

எல்லையற்ற இடம், எல்லையற்ற பட்டையகலம் என்று விளம்பரம் செய்வோரும் உளர். விளம்பரத்துக்கு எல்லை இல்லாதிருக்கலாம், வன்தட்டுக்கு உண்டு. அத்தகைய பொதிகளின் நிபந்தனைகளில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் மையச் செயலி நேரத்துக்கும் வேறு மட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாசித்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

இயங்கு நேரம்

சேவை வழங்குநர் 99.9% இயங்கு நேரத்துக்கு உறுதியளிப்பார். கேட்பதற்கு நூற்றுக்கு நூறு போலவே இருக்கும். 30 நாட்கள் கொண்ட மாதத்தில் 720 மணித்தியாலங்கள் உள்ளன. அதில் 0.1% என்பது 0.72 மணித்தியாலம், அதாவது 43.2 நிமிடம். 99% எனில் 7.2 மணித்தியாலம். 99.99% எனில் 4.3 நிமிடமளவில். ஒரு தசமதானம் கூடும்போது செயலிழப்பு நேரம் பத்திலொன்றாகிறது.

பனங்கட்டிக் கடைக்கு மாதத்தில் 43 நிமிடம் தளம் திறக்காவிட்டால் பெரிய நட்டமில்லை. எனவே 99.99% க்காகப் பன்மடங்கு பணம் செலுத்துவது வீண். 99% க்கு இறங்குவதும் சரியன்று. 7 மணித்தியாலத் தடை தீபாவளிக்கு முந்திய நாளில் நேர்ந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும். உறுதிமொழி மீறப்பட்டால் என்ன ஈடு தரப்படும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பகுதியே திருப்பித் தரப்படும். இழந்த விற்பனைக்கு ஈடு கிடையாது.

சேவையகம் எந்த நாட்டில் இருக்க வேண்டும்?

ஒளியியல் நாரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர 5,400 கிலோமீற்றர், நேரம் 0.027 செக்கன். ரொறன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போய்வர 0.14 செக்கன். கேபிள் நேர்கோட்டில் செல்லாதபடியால் உண்மையான நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குக் கோரிக்கையும் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக 20 தடவை போய்வர வேண்டுமாயின் முன்னையது 0.54 செக்கன், பின்னையது 2.8 செக்கன்.

ஆகவே விதி எளியது. சேவையகம் கடைக்கு அருகில் அன்று, வாடிக்கையாளருக்கு அருகில் இருக்க வேண்டும். யாழ்ப்பாண மாணவருக்கு மாத்திரம் பாடக்குறிப்பு வழங்கும் தனியார் கல்வி நிலையத்தின் தளத்துக்கு இலங்கை அல்லது சிங்கப்பூர் சிறந்தது. வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எமது கடைக்கு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள சேவையகம் பொருந்தும். இரு தரப்பினரும் உள்ளபோது, பக்கங்களின் பிரதிகளைப் பல நாடுகளில் வைத்து அண்மையிலுள்ளதிலிருந்து வழங்கும் உள்ளடக்க விநியோக வலையமைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விலையைப் பார்க்கும் முறை

முதலாம் ஆண்டு விலை ஒன்று, புதுப்பித்தல் விலை இன்னொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. கணிப்புக்காகப் பின்வருமாறு எடுத்துக்கொள்வோம். பொதி அ: முதலாம் ஆண்டு 3,000 ரூபா, அதன்பின் ஆண்டுக்கு 12,000 ரூபா. பொதி ஆ: எல்லா ஆண்டும் 7,500 ரூபா. மூன்று ஆண்டுகளுக்குப் பொதி அ 27,000 ரூபா. பொதி ஆ 22,500 ரூபா. மலிவாகத் தோன்றியது மலிவன்று.

எமது நாட்டவருக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. வெளிநாட்டுச் சேவை வழங்குநர் டொலரில் கட்டணம் அறவிடுகின்றனர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை சென்றது. ஆண்டுக்கு 60 டொலர் கட்டணம் செலுத்தும் கடைக்கு அது 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாகும். சேவை வழங்குநர் ஒரு சதமேனும் கூட்டவில்லை! அத்துடன் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட வங்கி அட்டையும் தேவை. ரூபாவில் பணம் பெறும் உள்ளூர்ச் சேவை வழங்குநரிடம் இந்தத் தொல்லைகள் குறைவு. தொலைபேசியில் தமிழில் பேசி உதவி பெறவும் வாய்ப்புண்டு. இதனையும் விலையின் ஒரு பகுதியாகவே கருதுக.

லினக்ஸ் சேவையகமும் கோப்புப் பெயரும்

பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலானவை லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்குபவை. வேர்ட்பிரஸ், ஜூம்லா என்பன பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டவை, மை எஸ்.கியூ.எல். போன்ற தரவுத்தளம் அவற்றுக்குத் தேவை. இவை இரண்டும் லினக்ஸ் ஹோஸ்டிங்கில் சாதாரணமாகவே கிடைக்கும்.

செய்முறையில் மாணவரை அதிகம் அலைக்கழிக்கும் ஒரு விடயத்தை இங்கு கூற வேண்டும். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய ஆங்கில எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸில் அவை வேறு வேறு. எனவே பாடசாலைக் கணினியில் சரியாகத் தெரிந்த படம், சேவையகத்தில் பதிவேற்றிய பின் தெரியாமற் போகலாம். கோப்புப் பெயர்கள் யாவற்றையும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்தில் வைப்பதே பாதுகாப்பானது. முகப்புப் பக்கத்துக்கு இன்டெக்ஸ் என்ற பெயரையே இடுக. கோப்புகளைப் பதிவேற்ற எப்.ரி.பி. பயன்படுகிறது, ஆனால் அது கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். மறைக்குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எப்.ரி.பி. வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பாதுகாப்புச் சான்றிதழ் தருகிறார்களா என்பதும் கேட்கப்பட வேண்டியது. எச்.ரி.ரி.பி.எஸ். இல்லாத தளத்தை 2018 யூலை முதல் கூகிள் குறோம் மேலோடி பாதுகாப்பற்றது எனக் காட்டி வருகிறது. அந்தச் சொல்லைப் பார்த்த பின் எவரும் பொருள் வாங்கமாட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் எனும் அமைப்பு இலவசமாகவே சான்றிதழ் வழங்குவதால், இதற்குத் தனிக் கட்டணம் அறவிடும் பொதியைச் சந்தேகத்துடன் நோக்குக.

பெயர் யாருடைய பெயரில்? பிரதி எங்கே?

இடம், பட்டையகலம், விலை ஆகியவற்றில் பிழைவிட்டால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். இங்கு கூறப்படும் இரண்டிலும் பிழைவிட்டால் திருத்துவது மிகக் கடினம்.

முதலாவது, உரிமை. சிறு வணிகர் பலர் எல்லாவற்றையும் தளம் வடிவமைப்பவரிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். அவர் தனது பெயரிலும் தனது மின்னஞ்சல் முகவரியிலும் ஆள்களப் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இலகுவுக்காகச் செய்ததாக இருக்கலாம். பின்னர் அவர் வெளிநாடு சென்றாலோ, கட்டணம் பற்றிப் பிணக்கு ஏற்பட்டாலோ, கடைக்காரர் தமது பெயரைத் தாமே பயன்படுத்த முடியாத நிலை உருவாகும். பற்றுச்சீட்டிலும் பொதியுறையிலும் கடைப் பலகையிலும் அச்சிட்ட முகவரி அது. ஆகவே ஆள்களப் பெயரின் பதிவாளர் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு இரண்டும் கடைக்காரரின் பெயரிலேயே இருக்க வேண்டும். கடவுச்சொற்களும் அவரிடம் இருக்க வேண்டும். வடிவமைப்பவருக்குத் தேவையான அனுமதியைத் தனியாக வழங்கலாம்.

புதுப்பிக்கும் திகதியையும் கடைக்காரரே குறித்து வைக்க வேண்டும். 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனமே தனது பாஸ்போர்ட் டொட் கொம் என்ற பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹொட்மெயில் பாவனையாளர் பலர் உள்நுழைய முடியாமல் தவித்தனர். நிறுவனத்துடன் தொடர்பற்ற செய்நிரலாளர் ஒருவர் தமது அட்டையில் 35 டொலர் செலுத்தியே பெயர் மீண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், கடைக்காரர் கலண்டரில் வட்டமிட்டு வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இரண்டாவது, காப்புப் பிரதி. நாளாந்தம் பிரதி எடுப்பதாகச் சேவை வழங்குநர் கூறுவார். அப்பிரதி எங்கே வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடமொன்று தீயில் முற்றாக அழிந்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் பெருந்தொகையான இணையத்தளங்கள் செயலிழந்தன. தளமும் அதன் பிரதியும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

எமது நாட்டிலும் உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட் எனப்படும் அரசாங்க மேக முறைமை கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதியின் மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த பிரதியும் தாக்கப்பட்டிருந்தது. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

ஆகவே கடைக்காரர் மாதமொரு முறையேனும் தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தரவிறக்கி, கழற்றி வைக்கக்கூடிய புற வன்தட்டில் சேமிக்க வேண்டும். கட்டளைகள் நாள்தோறும் வரத் தொடங்கினால் வாரமொரு முறை. கோப்புகளை மாத்திரம் எடுத்துத் தரவுத்தளத்தை விட்டுவிட்டால் பொருட்பட்டியலும் வாடிக்கையாளர் விபரமும் திரும்பி வரா. அவ்வாறு முழுப் பிரதியும் பெயரின் உரிமையும் கையிலிருந்தால், சேவை வழங்குநர் கட்டணத்தைக் கூட்டினாலும் கடையை மூடினாலும் வேறிடத்துக்கு மாறலாம். புதிய சேவையகத்தில் கோப்புகளை ஏற்றி, பெயர்ச் சேவையக விபரத்தை மாற்றினால் போதும். மாற்றம் எங்கும் பரவ 48 மணித்தியாலம் வரை செல்லலாம். அதுவரை பழைய கணக்கை நிறுத்தாதீர்கள். அதே ஹோஸ்டிங்கில் மின்னஞ்சலும் இருந்திருப்பின் பழைய கடிதங்களையும் பிரதிசெய்துகொள்க.

மாதிரி வினா

நிலாவெளியில் 6 அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் ஒன்றின் உரிமையாளர் இணையத்தளம் தொடங்க உள்ளார். விருந்தினரில் அநேகர் ஐரோப்பியர். நாளொன்றுக்கு 80 பேர் தளத்துக்கு வருவர் எனவும், ஒருவர் 5 பக்கங்களைப் பார்ப்பார் எனவும், ஒரு பக்கம் 2 மெகாபைற்று எனவும் கொள்க.

(அ) 30 நாட்களுக்குத் தேவையான தரவு இடமாற்ற அளவைக் கிகாபைற்றில் காண்க.
(ஆ) இவருக்கு மெய்நிகர்ச் சேவையகத்தை விடப் பகிர்வு ஹோஸ்டிங் பொருத்தமானது என்பதற்குக் காரணங்கள் இரண்டு தருக.
(இ) வடிவமைப்பவர் ஆள்களப் பெயரைத் தமது பெயரில் பதிவு செய்வதாகக் கூறுகிறார். உரிமையாளருக்கு நீர் கூறும் ஆலோசனை யாது? காரணம் தருக.
(ஈ) காப்புப் பிரதி அதே சேவையகத்தில் உள்ளது என்பது போதுமான பாதுகாப்பா? விளக்குக.

விடைக்குறிப்பு

(அ) 80 × 5 × 2 × 30 = 24,000 மெகாபைற்று. 24,000 ÷ 1024 = 23.4 கிகாபைற்று. படிமுறையைக் காட்டுக. 1024 இனால் வகுக்க மறப்பதும் அலகை எழுதாமல் விடுவதும் இங்கு சாதாரணமாக நிகழும் பிழைகள்.

(ஆ) மலிவானது என்று மாத்திரம் எழுதுவது அரை விடையே. தேவையான அளவு சிறிது என்பதை (அ) இன் விடையைச் சுட்டி எழுதுக. பணிசெயல் முறைமையை நிர்வகிக்கும் ஆளணி இவ்வில்லத்தில் இல்லை என்பதையும் சேர்க்க.

(இ) பதிவு உரிமையாளரின் பெயரிலும் மின்னஞ்சல் முகவரியிலும் இருத்தல் வேண்டும். வடிவமைப்பவருடனான தொடர்பு அற்றுப்போனாலும் பெயரைப் புதுப்பிக்கவும் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றவும் அப்போதுதான் இயலும்.

(ஈ) போதாது. சேவையகம் தீயினாலோ தீம்பொருளினாலோ அழியும்போது பிரதியும் அழியும். வேறோர் இடத்தில், இணைப்பிலிருந்து விலக்கப்பட்ட நிலையில் இன்னொரு பிரதி தேவை. ஸ்ராஸ்பேர்க் அல்லது லங்கா அரச கிளவுட் நிகழ்வை ஆண்டுடன் குறிப்பிட்டால் விடை வலுப்பெறும்.